‘100% கற்றாழை’ ஏன் எரிகிறது?

கேள்வி: முழங்கை மடிப்பில் எக்ஸிமா, சிவந்து அரிக்கிறது. ‘100% கற்றாழை’ என்று போட்டிருந்த பச்சை ஜெல்லைப் பூசினால் சுரீரென்று எரிகிறது. வேறு ஜெல் வாங்கவா, செடியிலிருந்தே எடுத்துப் பூசவா?

பதில்: முதலில் அந்த ஜெல்லை நிறுத்துங்கள். புட்டியின் பின்பக்கச் சேர்மானப் பட்டியலில் அதிகமுள்ள பொருள் முதலில் வரும். தண்ணீருக்கு அடுத்தே ‘ஆல்கஹால் டீனாட்’ (குடிக்க முடியாதபடி மாற்றிய சாராயம்), கடைசியில் ‘பர்ஃப்யூம்’ (வாசனைப் பொருள்) என்றிருந்தால் எரிச்சலுக்குப் பெரும்பாலும் அவையே காரணம். (சீட்டைல் ஆல்கஹால் வேறு, அது மெழுகு போன்றது, பயப்பட வேண்டாம்.) கற்றாழைச் சோற்றுக்கு நிறமே கிடையாது, பச்சை என்றால் சாயம். ‘100%’ என்பது பல நேரம் சேர்த்த சாற்றின் தூய்மையைத்தான் சொல்கிறது, எவ்வளவு சேர்த்தார்கள் என்பதை அல்ல. ‘அலோ பார்படென்சிஸ் லீஃப் ஜூஸ்’ (கற்றாழை மடல் சாறு) பட்டியலில் முதலிடத்தில் இருப்பதாக, வாசனை சேர்க்காததாக வாங்குங்கள். ‘ஜூஸ் பவுடர்’ (சாற்றை உலர்த்திய தூள்) என்றிருந்தால் மட்டும் பட்டியலில் கீழே இருப்பது குற்றமில்லை: 200 மடங்கு செறிவுத் தூளில் அரை கிராம், 100 மில்லி சாற்றுக்குச் சமம்.

செடியிலிருந்து எடுப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. வெட்டிய மடலில் வடியும் மஞ்சள் பாலில் அலோயின் என்ற பொருள் இருக்கிறது. அதுவும் தோலை எரிக்கும். வெட்டுவாய் கீழே இருக்கும்படி மடலை 15 நிமிடம் சாய்த்து வையுங்கள். பச்சைத் தோலை மெல்லிசாகச் சீவினால் பால் சோற்றிலேயே தங்கிவிடும். கொஞ்சம் ஆழமாகவே சீவி, மஞ்சள் போகும்வரை கழுவுங்கள். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். நிறம் மாறினாலோ வாடை வந்தாலோ குப்பைக்குத்தான்.

எதுவானாலும் முதலில் முன்கையின் உட்புறம் சிறு இடத்தில், தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் பூசிப் பாருங்கள். ஒவ்வாமை சில நாள் கழித்தும் கிளம்பும்.

கற்றாழை மட்டும் எக்ஸிமாவுக்குப் போதாது. சோற்றில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். உலர்ந்ததும் தோல் இழுக்கும். ஈரம் காயுமுன் வாசனையில்லாத கெட்டி மாய்ஸ்சரைசரோ பெட்ரோலியம் ஜெல்லியோ மேலே தடவுங்கள். மருத்துவர் தந்த களிம்பை இதற்காக நிறுத்த வேண்டாம். வெடித்த தோலில், புண்ணில் பூசவே கூடாது. நீர் கசிந்து மஞ்சள் பொருக்குத் தட்டினால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.