இங்கிலாந்துக் கடற்கரையில் புதைபடிவங்களை யார் வேண்டுமானாலும் பொறுக்கலாமா?

வேலை நிமித்தம் லண்டனில் குடியேறியிருக்கும் ஒருவர், இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள டோர்செட் மாவட்டக் கடற்கரையில் கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையான புதைபடிவங்களைப் பொதுமக்களே பொறுக்கி எடுத்துச் செல்லலாம் என்று கேள்விப்பட்டு, அது உண்மைதானா, எங்கே எப்படித் தேடுவது, பழைய நாணயம் போன்றவை கிடைத்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். விடுமுறை நாள்களில் அந்தக் கரையில் குனிந்தபடி நடப்பதே பொழுதுபோக்காகிவிட்ட ஒருவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்விப்பட்டது உண்மைதான். தளர்ந்து கீழே கிடப்பதைப் பொறுக்கலாம். குன்றின் முகப்பைத் தோண்டக் கூடாது. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் எங்கே தேடுவது, எப்போது போவது, எதை எடுப்பது ஆகிய மூன்றுக்கும் விடை தானாகவே வந்துவிடும்.

எக்ஸ்மவுத் ஊருக்கு அருகில் தொடங்கி ஸ்வானேஜ் ஊருக்கு அருகிலுள்ள ஓல்டு ஹாரி பாறைகள் வரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளும் கரை, 2001ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியக் களமாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டது. மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால் பூமியின் வரலாற்றில் சுமார் 18.5 கோடி ஆண்டுகளைக் கடந்துவிடலாம் என்பது அதன் பெருமை. ஆனால் புதிதாகத் தேடத் தொடங்குபவருக்கு அவ்வளவு நீளமும் தேவையில்லை. லைம் ரீஜிஸ், சார்மவுத் என்னும் இரண்டு சிற்றூர்களுக்கு இடையிலும் சார்மவுத்துக்குக் கிழக்கிலும் உள்ள சில மைல்களே போதும். இங்குள்ள பாறைகள் சுமார் 19 முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இவ்விடம் வெதுவெதுப்பான கடலாக இருந்தபோது அதன் அடியில் படிந்த சேறு. அந்தச் சேற்றில் புதைந்தவை அம்மோனைட்டுகளும் (கணவாயின் உறவினமான, சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிரிகள்) பெலம்னைட்டுகளும் கடல்வாழ் ஊர்வனவும்.

சார்மவுத்துக்கு மேற்கே பிளாக் வென், கிழக்கே ஸ்டோன்பாரோ, அதற்கும் அப்பால் இங்கிலாந்தின் தென்கரையிலேயே உயரமான 191 மீட்டர் கோல்டன் கேப் என்று குன்றுகள் வரிசையாக நிற்கின்றன. இவற்றின் அடிப்பாகம் கருஞ்சாம்பல் நிறக் களிப்பாறை. தலைப்பாகம் நீர் எளிதில் இறங்கக்கூடிய மணற்பாறை. குளிர்கால மழைநீர் மணலின் வழியே இறங்கிக் களியை அடைந்ததும் மேற்கொண்டு போக வழியின்றித் தேங்கி, இரண்டுக்கும் இடையே வழுக்குத் தளமாக மாறிவிடுகிறது. விளைவு மண்சரிவு. சரிந்த சேறு கரைக்கு வந்து சேர, அலைகள் களிமண்ணைக் கரைத்துக்கொண்டுபோய், கரையாத கனமான பொருள்களை மட்டும் விட்டுச் செல்கின்றன. தோண்டுவது, கழுவுவது, சலிப்பது ஆகிய மூன்று வேலைகளையும் கடலே செய்துமுடித்துவிடும்போது நாம் மண்வெட்டியோடு போக வேண்டிய தேவை என்ன?

ஆகவே நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான குளிர்காலமே தேடுவதற்கு ஏற்ற பருவம். புயல் அடங்கிய மறுநாள் இன்னும் நல்லது. கோடை விடுமுறையில் கூட்டமாக வருபவர்கள், ஏற்கனவே ஆயிரம் கண்கள் பார்த்துவிட்ட கற்களைத்தான் மீண்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாளைத் தேர்ந்தெடுத்த பிறகு ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியலைப் பார்த்து, கடல் வற்றத் தொடங்கிய பின் இறங்கி, அது திரும்பி ஏறுவதற்கு வெகுமுன்பே கரையேறிவிட வேண்டும். லைம் ரீஜிஸுக்கும் சார்மவுத்துக்கும் இடையில் ஓதம் ஏறினால் அலை நேராகக் குன்றின் அடியில் வந்து மோதும். நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு மேலே ஏறவும் வழியிருக்காது, ஏனெனில் மேலே இருப்பது இடுப்பளவு இழுத்துக்கொள்ளக்கூடிய சேறு.

இனித் தேடும் முறை. புதியவர்கள் அனைவரும் முதலில் அண்ணாந்து குன்றைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது காலடியில் உள்ள சரளையை. சார்மவுத்தில் கிடைக்கும் சிறு அம்மோனைட்டுகளில் பெரும்பாலானவை பைரைட் என்னும் இரும்பு சல்பைடாக மாறியவை. பைரைட் சாதாரணக் கூழாங்கல்லைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அடர்த்தி கொண்டது. அதனால் அலை அதை எடை பார்த்து ஒதுக்கிவிடுகிறது. கரையில் நடக்கும்போது, பெரிய கற்களின் பின்பக்கத்திலும் சிறு பள்ளங்களிலும், மற்ற இடங்களைவிடச் சற்றுக் கருத்து, துருப்பிடித்த ஆணிகளும் இரும்புத் துண்டுகளும் கலந்து கிடக்கும் சிறு திட்டுகள் தென்படும். எடை மிகுந்தவை ஒன்றுசேரும் இடங்கள் அவை. அங்கே நடையை நிறுத்திவிட்டு, முழந்தாளிட்டு அமர்ந்து, ஒரு தட்டளவு இடத்தைக் கல் கல்லாகப் பார்ப்பது கரை முழுவதையும் நடந்து தீர்ப்பதைவிடப் பயன் தரும். கண்ணுக்குப் பழக வேண்டியது நிறமன்று, ஒழுங்கு. இயற்கையாக உடைந்த கல்லில் சம இடைவெளி வரிகள் அரிதாகத்தான் இருக்கும். விரல் நகத்தளவு அம்மோனைட்டிலோ மையத்திலிருந்து வெளிநோக்கி விரியும் சுருளும், அதன் குறுக்கே சீப்பின் பற்களைப் போன்ற வரம்புகளும் இருக்கும். சுருளின் கால்வாசி மட்டும் கிடைத்தாலும் அந்த வரம்புகள் காட்டிக்கொடுத்துவிடும். நிறம் மங்கிய பித்தளை. நனைந்திருக்கும்போது மட்டும் பளிச்சிடும். அதனால்தான் ஓதம் அப்போதுதான் விலகிய ஈரச் சரளையில் தேடச் சொல்கிறேன்.

அம்மோனைட்டைப் பார்த்ததே இல்லை என்று நினைப்பவர்கள்கூடப் பலமுறை பார்த்திருப்பார்கள். பூசையறைகளில் வைத்து வணங்கப்படும் கண்டகி நதிச் சாளக்கிராமங்களுக்குள் இருக்கும் சக்கர வடிவம் அம்மோனைட்டின் பதிவே. நமது அரியலூர்ப் பகுதிப் பாறைகளிலும் அம்மோனைட்டுகள் நிறைய உண்டு; ஆனால் அவை டோர்செட்டின் இந்தப் பகுதியில் கிடைப்பவற்றைவிடப் பல கோடி ஆண்டுகள் இளையவை.

அடுத்ததாக எளிதில் கிடைப்பது பெலம்னைட்டு. கணவாய் இனத்தைச் சேர்ந்த உயிரியின் உடலுக்குள் இருந்த கூர்முனைத் தண்டு இது. துப்பாக்கிக் குண்டு வடிவில், தேன் நிறத்திலோ கறுப்பாகவோ கிடக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம், வெறுங்கையோடு திரும்ப வேண்டியிராது. கடல் அல்லி என்னும் பூப்போன்ற கடல்விலங்கின் தண்டுத் துண்டுகள் ஐந்து முனை விண்மீன் வடிவில், அரிசியைவிடச் சற்றே பெரிதாக இருக்கும். எல்லோரும் ஏங்குவது இக்தியோசார் என்னும் மீன் வடிவக் கடல் ஊர்வனவின் முதுகெலும்புக் கண்ணிக்குத்தான். இருபுறமும் குழிந்த கறுப்பு வில்லை அது. உருப்பெருக்கியில் பார்த்தால் மேற்பரப்பில் எலும்புக்கே உரிய நுண்துளைகள் தெரியும். துளைகள் இல்லாமல் இழை இழையாக அடுக்கடுக்காக இருந்தால் அது எலும்பன்று, கால்சைட்டுக் கனிமம். அந்தக் கரையில் ஏமாற்றும் கற்களில் முதலிடம் இதற்குத்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பைரைட் அம்மோனைட்டை அப்படியே அலமாரியில் வைத்துவிடாதீர்கள். உப்பும் ஈரமும் சேர்ந்தால் பைரைட் காற்றோடு வினைபுரிந்து கந்தக அமிலத்தை உண்டாக்கும். சில ஆண்டுகளில் புதைபடிவம் வெண்பொடி பூத்து உதிர்ந்துபோகும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை நாள்தோறும் மாற்றி உப்பை அகற்றி, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைப்பது நல்லது. இதே வேதிவினை குன்றுகளில் பெரிய அளவில் நடந்ததும் உண்டு: 1908ஆம் ஆண்டில் லைம் ரீஜிஸ் அருகே சரிந்த களிப்பாறை தானாகவே தீப்பற்றிப் புகைந்து, "லைம் எரிமலை" என்று பெயர் பெற்று, வேடிக்கை பார்க்க ஊர்மக்களைத் திரட்டியது.

இந்தக் கரையைப் பற்றிப் பேசும்போது மேரி ஆனிங்கை விட்டுவிட முடியாது. 1799இல் லைம் ரீஜிஸில் பிறந்த அவர், தச்சுத் தொழில் செய்த தந்தை 1810இல் இறந்த பின், கரையில் பொறுக்கியவற்றை விற்றே குடும்பம் பிழைக்க வேண்டிய நிலையில் வளர்ந்தார். 1811இல் அவருடைய அண்ணன் ஜோசப் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டார்; அதன் உடற்பகுதியை அடுத்த ஆண்டு மேரி கண்டுபிடித்தபோது அவருக்கு வயது 12 அல்லது 13தான். அறிஞர்களின் கவனத்தை ஈர்த்த முதல் இக்தியோசார் எலும்புக்கூடு அதுவே. அது 23 பவுண்டுக்கு விலைபோயிற்று. 1823இல் பிளீசியோசார் என்னும் நீள்கழுத்துக் கடல் ஊர்வனவின் முழுமையான எலும்புக்கூட்டையும் 1828இல் பறக்கும் ஊர்வன ஒன்றையும் கண்டெடுத்தார். இவற்றைவிட எனக்கு வியப்பளிப்பது வேறொன்று: அந்நாளில் விளங்காப் பொருளாக இருந்த ஒருவகை உருண்டைக் கற்கள் இக்தியோசார்களின் வயிற்றுப் பகுதியிலேயே கிடப்பதையும், உடைத்தால் உள்ளே மீன் எலும்பும் செதிலும் இருப்பதையும் அவர் கவனித்திருந்தார். அவை கல்லாகிய சாணமே என்று புவியியலறிஞர் வில்லியம் பக்லாண்ட் 1829இல் விளக்குவதற்கு இந்தக் கவனிப்புகள் துணைநின்றன. இவ்வளவு செய்தும், பெண் என்பதால் லண்டன் புவியியல் சங்கத்தில் அவருக்கு இடமில்லை. அவர் 1847இல் இறந்தார். மண்சரிவின் ஆபத்தை அவர் அறியாதவரல்லர். எப்போதும் உடன்வந்த டிரே என்னும் நாயை 1833இல் ஒரு சரிவில் பறிகொடுத்தவர்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் புதைபடிவம் நிலத்தின் உரிமையாளருக்கே சொந்தம். ஆயினும் சார்மவுத், லைம் ரீஜிஸ் உள்ளிட்ட மேற்கு டோர்செட் கரைக்கு நில உரிமையாளர்களும் சேகரிப்பாளர்களும் அறிவியலாளர்களும் சேர்ந்து ஒப்புக்கொண்ட நடத்தை விதிகள் உண்டு. அவற்றின்படி கரையில் தளர்ந்து கிடப்பதை எவரும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அறிவியல் முக்கியத்துவம் உடையது கிடைத்தால் சார்மவுத் கடற்கரைப் பாரம்பரிய மையத்தில் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். பிறகும் அது எடுத்தவரிடமே இருக்கலாம். விற்பதானால் முதல் வாய்ப்பு அருங்காட்சியகங்களுக்கு.

தொல்பொருள்களைப் பொதுமக்கள் தொடவே கூடாது என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்தத் தாராளம் விந்தையாகத் தோன்றலாம். அகழாய்வுக் குழியில் ஒரு பானையோட்டை இடம் மாற்றினால் அது எந்த அடுக்கில், எவற்றோடு கிடந்தது என்னும் செய்தி அழிந்துவிடும் என்பது சரியே. ஆனால் குன்றிலிருந்து சரிந்து, சேற்றோடு உருண்டு, அலையில் புரண்ட அம்மோனைட்டு அந்தச் செய்தியின் பெரும்பகுதியை ஏற்கனவே இழந்துவிட்டது. யாரும் எடுக்காவிட்டால் அது அங்கேயே பத்திரமாக இருக்கப்போவதில்லை. சரளையில் அரைபட்டு மணலாகிவிடும். இங்கே எடுப்பதுதான் காப்பாற்றுவது என்று நான் கருதுவதற்குக் காரணம் இதுவே. லைம் ரீஜிஸுக்கு மேற்கே மான்மவுத் கரையில், பாறைத் தளத்திலேயே பதிந்துள்ள பெரிய பெரிய அம்மோனைட்டுகளுக்கு இந்த நியாயம் பொருந்தாது. அவற்றின் மீது சுத்தியலை ஓங்குபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சிறு துண்டும் பெரிய கண்டுபிடிப்புக்கு வழிகாட்டலாம் என்பதற்கு அண்மைச் சான்று இதே கரையின் கிழக்குப் பகுதியிலுள்ள கிம்மெரிட்ஜ். 2022இல் அங்கே கரையில் நடந்துகொண்டிருந்த பில் ஜேக்கப்ஸ் என்பவர் பிளியோசார் என்னும் பெருந்தலைக் கடல் ஊர்வன ஒன்றின் மூக்கு நுனியைக் கண்டார். அவர் செய்தி சொன்ன புதைபடிவச் சேகரிப்பாளர் ஸ்டீவ் எட்சஸும் குழுவினரும் குன்றின் முகப்பில் கயிற்றில் தொங்கியபடி எஞ்சியதை அகழ்ந்தெடுக்க, ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள மண்டையோடு முழுமையாக வெளிவந்தது. மூக்கு நுனியோடு ஜேக்கப்ஸ் வீட்டுக்குப் போயிருந்தால் மற்றது கடலுக்குப் போயிருக்கும்.

பழம்பொருள்களுக்கு விதி வேறு. லைம் ரீஜிஸுக்கும் சார்மவுத்துக்கும் இடையில் ஊரின் பழைய குப்பைமேடு ஒன்று குன்றின்மீது இருந்தது. 2008 மே மாதம் ஏறத்தாழ 400 மீட்டர் நீளத்துக்கு ஏற்பட்ட பெருஞ்சரிவில் அந்தக் குப்பையும் கரைக்கு வரத் தொடங்கியது. பழைய மருந்துப் புட்டிகள், பீங்கான் ஓடுகள், துருவேறிய இயந்திரப் பாகங்கள் ஆகியவற்றுக்கு நடுவே 19 கோடி ஆண்டுப் பழமையான அம்மோனைட்டும் கிடப்பது இந்தக் கரையில் மட்டுமே காணக்கூடிய கூத்து. கண்ணாடியும் தகரமும் கையைக் கிழிக்கும் என்பதால் தடித்த கையுறை கட்டாயம். 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொன் அல்லது வெள்ளிப் பொருள் கிடைத்தால் அது 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் கீழ் வரும். 14 நாள்களுக்குள் அப்பகுதியின் கரோனருக்கு (சந்தேக மரணங்களையும் புதையல்களையும் விசாரிக்கும் அலுவலர்) தெரிவிக்க வேண்டும். தனியாகக் கிடைக்கும் ஒற்றை நாணயம் பொதுவாக இதில் அடங்காது. கப்பல் சிதைவிலிருந்து ஒதுங்கியதாக இருந்தால் 28 நாள்களுக்குள் கப்பல் சிதைவுப் பொருள் அலுவலரிடம் அறிவிக்க வேண்டும்.

குன்றின் அடிவாரத்தை ஒட்டி நடக்கவோ அமர்ந்து உணவருந்தவோ வேண்டாம். 2012 ஜூலையில் இதே கரையின் பர்ட்டன் பிராட்ஸ்டாக்கில், நல்ல கோடைப் பகலில் குன்று இடிந்து விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார். கல்லை உடைப்பதானால் புவியியலாளர் பயன்படுத்தும் சுத்தியலும் கண்காப்புக் கண்ணாடியும் வேண்டும்; வீட்டில் ஆணி அடிக்கும் சுத்தியலின் தலை சிதறிக் கண்ணில் தெறிக்கக்கூடும்.

லண்டன் வாட்டர்லூவிலிருந்து ஆக்ஸ்மின்ஸ்டர் வரை ரயிலும், அங்கிருந்து லைம் ரீஜிஸ், சார்மவுத் ஊர்களுக்குப் பேருந்தும் உண்டு. முதல் முறை போகிறவர்கள் சார்மவுத் மையம் நடத்தும் வழிகாட்டி நடையில் முன்பதிவு செய்து சேர்ந்துகொள்வதே நல்லது. நடை ஓத நேரத்தைப் பொறுத்து அமைக்கப்படுவதால், ரயில் சீட்டு எடுப்பதற்கு முன்பே நடையின் நாளையும் நேரத்தையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.