ஹக்னி டவுன்ஸ் பள்ளிக்கூடம் மூடிய கதையும் உங்கள் மகனின் அட்மிஷனும்

தங்கச்சி, உங்கள் கேள்வி இது: லண்டன் ஹக்னியில் வீடு பார்த்திருக்கிறீர்கள், மகன் இயர் 6 (ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பு). பக்கத்தில் இருக்கிற மொஸ்போர்ன் கொம்யூனிற்றி அகடமி நிற்கும் காணியில்தான் “பிரித்தானியாவின் மிக மோசமான பள்ளிக்கூடம்” என்று பத்திரிகைகள் எழுதி, அரசாங்கமே மூடிய பள்ளிக்கூடம் இருந்தது என்று கணவரின் அண்ணா சொல்லிப் பயமுறுத்துகிறார். அவர் 80களில் அந்தப் பழைய பள்ளிக்கூடத்தில் படித்தவர், சான்றிதழும் தொலைந்துவிட்டது.

அண்ணா சொல்வது பழைய பள்ளிக்கூடத்தைப் பற்றியது. காணி ஒன்றுதான், பள்ளிக்கூடம் வேறு. ஹக்னி டவுன்ஸ் 1995 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. மொஸ்போர்ன் 2004இல் புதிதாகத் தொடங்கியது: புதுக் கட்டடம் (ரிச்சர்ட் ரொஜர்ஸின் நிறுவனம் வடிவமைத்தது), புது ஆசிரியர்கள், புது நிர்வாகம். முதல் அதிபர் மைக்கேல் வில்ஷோ 2012இல் பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கும் அரச அமைப்பான ஒஃப்ஸ்டெட்டின் தலைமைப் பரிசோதகரானார். பழைய பெயரைப் புதுப் பள்ளிக்கூடத்தின் தலையில் கட்டாதீர்கள்.

ஆனால் பழையது ஏன் விழுந்தது என்று தெரிந்துகொள்வது உங்களுக்கு உதவும். 1876இல் குரோசர்ஸ் கொம்பனி என்ற லண்டன் வணிகர் சங்கம் ஆரம்பித்த ஆண்கள் பள்ளிக்கூடம் அது. பிறகு லண்டன் கவுண்டி கவுன்சிலின் கைக்கு வந்து கிராமர் ஸ்கூலாக நல்ல பெயரெடுத்தது. நாடக ஆசிரியர் ஹரோல்ட் பின்ரர் அங்கே படித்தவர். இலங்கையில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை பிள்ளைகளைப் பிரிப்பதுபோல, இங்கே 11 வயதில் ஒரு பரீட்சை வைத்து, தேறியவர்களைக் கிராமருக்கும் மற்றவர்களைச் செக்கண்டரி மொடர்ன் என்ற சாதாரணப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பினார்கள். அதை நிறுத்தி எல்லாரையும் ஒரே கூரைக்குள் படிப்பிப்பதுதான் கொம்பிரிஹென்சிவ். 1965இல் கல்வி அமைச்சர் அந்தனி குரொஸ்லண்ட் 10/65 என்ற சுற்றறிக்கையில் இதற்குத் திட்டம் தரும்படி உள்ளூர் கல்வி அதிகாரங்களைக் கேட்டார். ஹக்னி டவுன்ஸும் 60களின் கடைசியில் கொம்பிரிஹென்சிவாக மாறியது.

எல்லாரையும் சேர்ப்பது என்று எழுதிவைத்தால் மட்டும் எல்லாரும் வந்துவிட மாட்டார்கள். உள்-லண்டன் கல்வி அதிகார சபை பிள்ளைகளைத் திறமைப்படி 3 பிரிவாக வகுத்து, ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் மூன்றிலிருந்தும் ஆட்கள் போகப் பார்த்தது. ஆனால் பெற்றோர் கைவிடத் தொடங்கிய பள்ளிக்கூடத்தில் முதற்பிரிவுப் பிள்ளைகள்தான் முதலில் குறைவார்கள். உதவி அதிகம் தேவைப்படும் பிள்ளைகளே மிஞ்சுவார்கள், ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், வதந்தி இன்னும் பல குடும்பங்களைத் திருப்பிவிடும். அந்தச் சபை 1990இல் கலைக்கப்பட்டு, பொறுப்பு ஹக்னி கவுன்சிலுக்கு வந்தது. 1995இல் கவுன்சில் முதலில் மூடப் பார்த்தது, பிறகு மனம் மாறியது. உடனே அரசாங்கம் 1993 சட்டத்தின்படி பள்ளிக்கூடத்தைக் கையேற்கும் ஒரு குழுவை, “எஜுகேஷன் அசோசியேஷனை”, அனுப்பியது. அவர்கள் சில மாதங்களில் மூடச் சொன்னார்கள், அமைச்சர் ஜிலியன் ஷெப்பர்ட் ஒப்புக்கொண்டார், பெற்றோர் நீதிமன்றம் போயும் பலனில்லை. கடைசியில் அங்கே இருந்தது ஏறக்குறைய 200 பையன்கள். பெரும்பாலானோரை நடு வருடத்தில் ஹொமர்ட்டன் ஹவுஸ் பள்ளிக்கு மாற்றினார்கள். பிறகு அதுவும் மூடப்பட்டது. குற்றம் அந்தப் பையன்களுடையது என்று இன்னும் பேசுகிறவர்களை நான் ஏற்கவே மாட்டேன்.

ஆகவே பள்ளிக்கூடம் பார்க்கும்போது முதலில் தலைகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வருடத்துக்கு இத்தனை பேர் என்று அறிவித்த சேர்க்கை எண் உண்டு. அது 180 என்றும், இயர் 7இல் (இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பில்) இருப்பது 110 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அது எச்சரிக்கை மணி. ஒக்ரோபர் மாதக் கணக்கெடுப்பில் இருக்கும் தலைகளை வைத்தே அடுத்த வருடப் பணம் வருகிறது. பிள்ளை குறைந்தால் பணம் குறையும், ஆசிரியர் குறைவார், பாடத் தெரிவு குறையும். இது பழங்கதை அல்ல: ஹக்னியில் பிள்ளைகள் குறைந்ததால் 2024இல் டி போவோர், ராண்டல் கிரீமர் ஆரம்பப் பள்ளிகள் மூடப்பட்டன, வேறு சில ஒன்றாக இணைக்கப்பட்டன. மகனுக்கு அடுத்த பிள்ளை இருந்தால் ஆரம்பப் பள்ளியிலும் இதைப் பாருங்கள்.

இந்த விவரங்களைக் கல்வித் திணைக்களத்தின் “கெற் இன்ஃபர்மேஷன் அபௌட் ஸ்கூல்ஸ்” தளத்தில் பெயரோ தபால் குறியீடோ போட்டுத் தேடலாம். ஒரு இடத்தில் பலர் குழம்புகிறார்கள். கவுன்சில் பள்ளிக்கூடம் அகடமியாக (கவுன்சிலின் கீழ் இல்லாத அரசுப் பள்ளியாக) மாறினால் அதற்குப் புது 6 இலக்க எண் கிடைக்கும், பழைய எண்ணுக்கு நேரே “மூடப்பட்டது” என்று காட்டும். அதே கட்டடம், அதே பிள்ளைகள், கதவு ஒரு நாளும் பூட்டப்படவில்லை. முந்திய, பிந்திய பள்ளிக்கூடங்களின் இணைப்பைத் திறந்து பார்த்தால் எண் மட்டும் மாறியதா, உண்மையிலேயே மூடியதா என்று தெரியும். ஒஃப்ஸ்டெட் அறிக்கையிலும் திகதியைப் பாருங்கள். 2024 செப்ரெம்பரிலிருந்து அரசுப் பள்ளிகளுக்கு ஒற்றைச் சொல் தீர்ப்பு இல்லை. “அவுட்ஸ்ராண்டிங்” என்று பதாகை தொங்கினால் அது அதற்கு முந்திய பரிசோதனையில் கிடைத்தது.

இயர் 7 விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஒக்ரோபர் 31. லண்டனில் 6 பள்ளிக்கூடம் வரை வரிசைப்படுத்தலாம். ஒன்றை மட்டும் எழுதினால் அதுவே கிடைக்கும் என்று நம்பாதீர்கள், எந்தப் பள்ளிக்கூடமும் வரிசை எண்ணைப் பார்த்து இடம் கொடுப்பதில்லை. மொஸ்போர்ன் பாண்டிங் பரீட்சை வைக்கிறது. இது பாஸ், ஃபெயில் பரீட்சை இல்லை. ஒவ்வொரு திறமைப் பிரிவிலிருந்தும் பிள்ளைகள் வர வேண்டும் என்பதற்காக வைப்பது, ரியூஷன் அனுப்பிப் பயனில்லை. ஆனால் பரீட்சைக்குத் தவறாமல் போக வேண்டும், அதற்கு எப்படிப் பதிவது என்று பள்ளிக்கூடத்திடமே கேளுங்கள். முடிவு மார்ச் 1 அன்று வரும், அது சனி, ஞாயிறாக இருந்தால் அடுத்த வேலை நாளில்.

அண்ணாவின் சான்றிதழ்: மூடிய பள்ளிக்கூடத்தைத் தேடி அலைய வேண்டாம், பரீட்சைப் பெறுபேறு பரீட்சை சபையிடம்தான் இருக்கும். பழைய சபைகள் ஒன்றோடொன்று இணைந்துவிட்டன. லண்டன் பல்கலைக்கழகம் நடத்தியவை இன்று பியர்சன் என்ற சபையிடம், ஏ.இ.பி. என்ற பழைய சபையின் பதிவுகள் ஏ.கியூ.ஏ. என்ற இன்றைய சபையிடம். ஒரே வருடத்தில் வெவ்வேறு பாடத்தை வெவ்வேறு சபையில் எழுதியிருக்கலாம், அப்போது ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். பிறந்த திகதி, பள்ளிக்கூடத்தின் பெயர், எழுதிய வருடம், அடையாள அட்டை தேவை. எங்கள் ஆட்களுக்குப் பெயரில்தான் சிக்கல் வரும். பாஸ்போட்டில் இப்போது இருக்கும் பெயரைக் கொடுத்தால் கிடைக்காமல் போகலாம். அப்போது இடாப்பில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக இருந்ததா, இனிஷல் முன்னால் இருந்ததா, எழுத்துக்கூட்டல் என்ன என்று பழைய ரிப்போர்ட் காட்டில் பார்த்து, அப்படியே எழுதச் சொல்லுங்கள். பெயர் மாறியிருந்தால் அதற்கான பத்திரத்தையும் சேர்க்க வேண்டும். வருவது பெரும்பாலும் புதுச் சான்றிதழாக இருக்காது, உறுதிப்படுத்திய பெறுபேற்றுக் கடிதமாக இருக்கும். வேலைக்கும் படிப்புக்கும் அது போதும்.