ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டியவர்

அன்புள்ள ஐயா,

இதழியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போர்ச் செய்தியாளர் ஆக ஆசை. வன்னியில் ஒரு கண்ணை இழந்து, 2012இல் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் உயிரையும் விட்ட மேரி கோல்வினைப் பற்றிப் படித்ததிலிருந்து குழப்பம். எனக்கு ராத்திரி மொட்டை மாடிக்குப் போகவே பயம். நானெல்லாம் இதற்கு லாயக்கா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கோல்வினை வைத்து அளந்தால் நம்மில் ஒருவரும் தேற மாட்டோம். பிரிட்டிஷ் செய்தியாளர் கிளேர் ஹாலிங்வொர்த்தைப் பாருங்கள். தைரியத்துக்கு அவரிடமும் குறைவில்லை. ஆனால் நான் சொல்ல வருவது வேறு.

1939 ஆகஸ்ட். லண்டன் நாளிதழ் டெய்லி டெலிகிராப்பில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, வயது 27. போலந்தின் காட்டோவிட்சே நகரில் இருந்த பிரிட்டிஷ் துணைத்தூதரிடம் காரை இரவல் வாங்கிக்கொண்டு ஜெர்மனிக்குள் போகிறார். தூதரகக் கொடி கட்டிய கார், எல்லையில் விட்டுவிட்டார்கள். அங்கே ஒயின், டார்ச் லைட் என்று கடைச் சாமான் வாங்குகிறார். திரும்பும் வழியில் சாலையோரம் நெடுகச் சாக்குப் படுதா. காற்று ஒரு படுதாவைத் தூக்க, கீழே பள்ளத்தில் வரிசை வரிசையாக டாங்கிகள்.

வந்து சொன்னால் துணைத்தூதர் நம்பவில்லை. ஜெர்மனிக்கா, நீயா? வாங்கி வந்த சாமான்களைக் காட்டிய பிறகுதான் நம்பினார். 29ஆம் தேதி முதல் பக்கத்தில் செய்தி வந்தது. அவர் பெயர்கூட இல்லை.

செப்டம்பர் 1 விடியற்காலை குண்டுச் சத்தம். வார்சாவில் தூதரகத்தில் இருந்த நண்பருக்குப் போன் போட்டார். பேச்சுவார்த்தை இன்னும் நடக்கிறதே, போராக இருக்காது என்றார் அவர். கிளேர் ரிசீவரை அப்படியே ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதை அந்த நண்பர் காதாலேயே கேட்டுக்கொண்டார்.

அத்தோடு தீரவில்லை. சோவியத்துக்காக வேவு பார்த்த முன்னாள் பிரிட்டிஷ் உளவு அதிகாரி கிம் ஃபில்பி 1963இல் பெய்ரூட்டில் காணாமல் போனபோது, ஆள் சோவியத் கப்பலில் ஏறிவிட்டார் என்று கண்டுபிடித்து எழுதினார். அப்போது கிளேர் கார்டியன் நாளிதழில். அவதூறு வழக்குக்குப் பயந்து மூன்று மாதம் அதைக் கிடப்பில் போட்டார்கள். இருபத்து நான்கு வருட அனுபவத்துக்குப் பிறகும் இதுதான் கதி! எனக்குப் படிக்கும்போதே எரிச்சல் வரும்.

போர்முனைக்குப் போய்ச் சேர்வது பாதி வேலைதான். பார்த்ததை, பார்க்காதவர் நம்பும்படி கொண்டுவந்து சேர்ப்பது மீதி. இன்று கையில் வீடியோவே இருந்தாலும் 'ஃபேக்' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். அதனால் எங்கே, எப்போது, எத்தனை என்று அந்த இடத்திலேயே குறித்து வைக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா என்றுதான் நான் கேட்பேன். போகிற ஊரின் பாஷையில் நாலு வார்த்தையாவது பேச வருமா என்றும்.

சரி, மாடி விஷயம். போகும்போது டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். கிளேரும் வாங்கித்தான் வைத்திருந்தார்.