பேசினால் அணையும் ரேடியோ: குறை செட்டிலா, பவர் சப்ளையிலா?

கேள்வி: பாலக்கோட்டில் வசிக்கிறேன், ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) உரிமம் உண்டு. 100 வாட் எச்.எஃப். (சிற்றலை) செட் ஒன்றை நண்பரிடம் பழையதாக வாங்கினேன். அதற்கு 30 ஆம்பியர் பவர் சப்ளையைப் பெங்களூருக் கடை ஒன்றில் பில்லுடன் புதிதாக வாங்கினேன். கேட்கும்போது தொந்தரவே இல்லை. பேசும்போது மட்டும் சில வேளை செட் அணைந்து மீண்டும் உயிர் பெறுகிறது, மாலையில் அதிகம். கடைக்காரர் செட்டைக் குறை சொல்கிறார், மெக்கானிக் சப்ளையைக் குறை சொல்கிறார். வேறு சப்ளை வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இருவரில் ஒருவராவது அளந்து பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை.

கேட்கும்போது இத்தகைய செட் ஓரிரு ஆம்பியரோடு நின்றுவிடும். பேசும்போது 20 ஆம்பியர் வரை இழுக்கும். இடையில் எங்கே பலவீனம் இருந்தாலும் அப்போதுதான் தெரியவரும். சாதாரண மல்டிமீட்டர் போதும். பலரும் சப்ளையின் முனையில் அளந்து, 13.8 வோல்ட்டைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். நீங்கள் செட்டின் பின்பக்கம் பிளக் சேரும் இடத்திலும் அளந்து பாருங்கள். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் 100 வாட் தாங்கும் டம்மி லோடு (அலையை வெளியே விடாமல் சூடாக்கிவிடும் மின்தடை) மாட்டி, எஃப்.எம். முறையில் முழுத்திறனில் சில விநாடிகள் மட்டும் அனுப்புங்கள். பல செட்டுகள் 13.8 வோல்ட்டிலிருந்து 15 சதவீதம் வரைதான் ஏற்ற இறக்கம் தாங்கும். 11.7க்குக் கீழே இறங்கினால் அணைவதில் வியப்பில்லை.

சப்ளை முனையில் வோல்ட் நிலையாக நின்று செட் முனையில் மட்டும் சரிந்தால், இரண்டுக்கும் இடையில்தான் கோளாறு. நான் முதலில் சந்தேகப்படுவது ஒயரைத்தான். பழைய செட்டோடு கம்பெனியின் தடித்த ஒயர் பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. வீட்டு வயரிங்கில் மிஞ்சியதை மாட்டிவிடுவார்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் மூன்று மீட்டர் என்றால் போக வர ஆறு மீட்டர். 20 ஆம்பியரில் ஏறக்குறைய 0.9 வோல்ட் அதிலேயே போய்விடும். அடுத்தது ஃபியூஸ் ஹோல்டர். சோதனை முடிந்து அணைத்தபின் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மாற்றிவிடுங்கள். தளர்ந்த லக்கும் (ஒயர் நுனியில் பொருத்தும் உலோக முனை) இதே வேலையைச் செய்யும்.

இரு முனையிலும் சரிந்தால் சப்ளையைச் சந்தேகிக்கலாம். அதற்கு முன் மாலையில், பக்கத்துப் பம்பு செட்டுகள் ஓடும்போது, வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் 30 ஆம்பியர் தொடர்ந்து தரக்கூடியதா, கண நேர உச்சமா என்பதையும் படியுங்கள். விலை மலிவானவற்றில் பெரும்பாலும் உச்சக் கணக்குதான். டம்மி லோடில் எல்லாம் சரியாக இருந்து ஆன்டெனாவில் மட்டும் அணைந்தால், ரேடியோ அலையே சப்ளைக்குள் புகுந்து குழப்புகிறது. ஒயரில் ஃபெரைட் வளையம் (ரேடியோ அலையைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) மாட்டினாலே சில சமயம் தீர்ந்துவிடும்.

குறை சப்ளையில்தான் என்று உறுதியானால், லோடோடு மீட்டர் காட்டும் எண்ணை வீடியோ எடுத்து, பில்லுடன் கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். மசியவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். கடை கர்நாடகத்தில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம்: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. நண்பரிடம் வாங்கிய செட்டுக்கு இந்த வழி உதவாது. அவர் வியாபாரி அல்லர்.

அதுவரை சப்ளையின் மூடியைத் திறக்காதீர்கள். வாரண்டி போய்விடும் என்பது ஒரு பக்கம்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.