வாரம் நூறு ரூபாய்

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். என் மகனுக்கு 23 வயது. பட்டம் வாங்கியதும், உளவுத்துறையில்தான் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அந்தத் தொழிலின் ஆங்கிலச் சொற்களை ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறான். வள்ளுவரே ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் பாடியிருக்கிறார் என்று நானும் ஊக்கம் கொடுக்கிறேன். அவன் அம்மாதான், ஒரே பையனை ஆபத்தான வேலைக்கு அனுப்புவதா என்று அழுகிறாள். பத்தாம் வகுப்பு படிக்கும் தங்கையைப் பயிற்சிக்காகத் தன் 'அசெட்' ஆக்கிக்கொண்டான். வங்கியில் வேலை செய்யும் என் மூத்த மகள் இரவில் யாரோடு பேசுகிறாள் என்று சின்னவள் பார்த்துச் சொல்வாள். அதற்கு வாரம் நூறு ரூபாய் கொடுக்கிறான். விளையாட்டுத்தான் என்றாலும் எனக்கும் ஒரு நிம்மதி. மகனை அந்த வேலைக்கு அனுப்பலாமா? அவனுடைய ஆங்கிலம் போதுமா?

– ஒரு தந்தை, திருநெல்வேலி

ஐயா,

பிள்ளையை இந்த வேலைக்கு அனுப்பலாமா, அந்த ஊருக்கு அனுப்பலாமா என்று கேட்டு எனக்கு வராத வாரம் இல்லை. உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் படித்துக்கொண்டு வந்தேன். 'எனக்கும் ஒரு நிம்மதி' என்ற இடத்துக்கு வந்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

சின்னவள் அக்காவின் அறையில் காதை வைக்கிறாள். கேட்டதை அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் உங்களிடம் சொல்கிறான். நீங்கள் நிம்மதியாகத் தூங்குகிறீர்கள். மகன் இனிமேல்தான் உளவு வேலைக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறீர்கள். உங்கள் வீட்டில் அந்த அலுவலகம் திறந்து எத்தனை வாரம் ஆயிற்று? அதன் தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் நீங்கள்தான். உங்களுக்காகத்தான் அந்தச் செய்தி சேகரிக்கப்படுகிறது.

உங்கள் மகன் எழுதிவைத்திருக்கும் சொற்களுக்கு வருகிறேன். அசெட் என்றால் சொத்து. ஒரு மனிதரைச் சொத்து என்று அந்தத் தொழில் சொல்வது வாய் தவறி அல்ல. சொத்தை வாங்கலாம், அனுபவிக்கலாம், பயன் தீர்ந்தால் கைகழுவலாம். அந்த மனிதரை வைத்து வேலை வாங்குகிறவர் ஹேண்ட்லர். நாயைப் பழக்கி வார் பிடித்து நடத்துகிறவருக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். வளைக்க வேண்டிய ஆளோடு சிரித்துப் பேசி, வீட்டு நிலவரம் விசாரித்து, அவருடைய பலவீனத்தைத் தேடும் காலத்துக்கு 'டெவலப்மென்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் பள்ளிக்கூடத்தில் வளர்ச்சி என்று சொல்லிக்கொடுக்கும் சொல். ஏஜென்ட் என்ற சொல்லையும் உங்கள் மகன் தன்னை மனத்தில் வைத்துத்தான் எழுதியிருப்பான். அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வில் சம்பளம் வாங்கும் அதிகாரிக்கு கேஸ் ஆபிசர் என்று பெயர். அவர் பேச்சை நம்பித் தன் நாட்டு ரகசியத்தைத் தருகிறாரே அயல்நாட்டுக்காரர், அவர்தான் ஏஜென்ட். அதிகாரி மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் நாடு கடத்துவார்கள். ஏஜென்ட் மாட்டிக்கொண்டால் சிறை, சில நாடுகளில் தூக்கு.

'மைஸ்' என்று ஒரு சொல்லும் நோட்டில் இருக்கும். பணம், கொள்கை, மிரட்டல், தற்பெருமை ஆகியவற்றுக்கான நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தது அது. ஓர் ஆளைக் காட்டிக்கொடுக்க வைக்கும் நான்கு வழிகள் இவை என்று பாடம் நடத்துவார்கள். உங்கள் மகன் முதல் வழியிலேயே வேலையை முடித்துவிட்டான். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு விலை வாரம் நூறு ரூபாய்.

இந்தச் சொற்களெல்லாம் வெள்ளை உடுத்தி நிற்கின்றன. அந்த உடையைக் கழற்றிவிட்டு நம் சொல்லால் சொல்லிப் பாருங்கள். உங்கள் சின்ன மகள் செய்வது கோள் சொல்வது. மூத்தவளைக் காட்டிக்கொடுப்பது. ஈழத்தில் போர்க்காலத்தில் முகத்தை மூடிக்கொண்டு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து, ராணுவத்துக்கு ஆள் காட்டத் தலையசைத்தவர்களை மக்கள் 'தலையாட்டி' என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் அங்குள்ள தாய்மாருக்கு இன்றைக்கும் வயிறு கலங்கும். 'அசெட்' என்ற சொல்லைக் கேட்டு நீங்கள் சிரித்திருக்கிறீர்கள்.

வள்ளுவரையும் இதற்குச் சாட்சிக்கு அழைத்துவிட்டீர்கள். தமிழாசிரியரிடம் நான் இதைச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வருத்தம். ஒற்றாடல் 59ஆம் அதிகாரம். பொருட்பாலில், அரசனுக்குச் சொன்னது. 'வினைசெய்வார் தம்சுற்றம் வேண்டாதார்' என்று அவர் ஒற்றரை ஏவச் சொல்வது நாடாளுகிறவனின் அலுவலர் மீதும் உறவினர் மீதும் பகைவர் மீதும். குடும்பம் நடத்துகிறவனுக்கு அவர் வைத்த அதிகாரம் 19ஆவது, இல்லறவியலில் வரும் புறங்கூறாமை. 'பகச்சொல்லிக் கேளிர்ப் பிரிப்பர்' என்று தொடங்கும் குறளை எத்தனை ஆண்டு கரும்பலகையில் எழுதிப்போட்டிருப்பீர்கள்! இனிமையாகப் பேசி உறவாடத் தெரியாதவர்கள்தாம் புறங்கூறிச் சொந்தங்களைப் பிரிப்பார்கள் என்று அடுத்த அடியில் காரணமும் சொல்லியிருக்கிறாரே. மூத்த மகளோடு உட்கார்ந்து பேசத் தெரியாத உங்களுக்காக எழுதியது போல இருக்கிறது.

குடும்பத்தை அசெட் ஆக்கிய ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அமெரிக்கக் கடற்படையில் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்த ஜான் வாக்கர், கடன் தொல்லையில் 1967இல் வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரகத்துக்குத் தானே நடந்து போய் ரகசியங்களை விற்கத் தொடங்கினார். இப்படித் தாமாக வருகிறவருக்கு 'வாக்-இன்' என்று பெயர், அதுவும் நோட்டில் இருக்கும். பதினேழு ஆண்டுகளுக்கு மேல் விற்றார். தன் கை எட்டாத இடங்களுக்கு வேறு கைகள் வேண்டியிருந்தன. நண்பர் ஒருவரைச் சேர்த்தார். அடுத்து உடன்பிறந்த அண்ணன் ஆர்தரைச் சேர்த்தார். அடுத்து, கடற்படையில் சேர்ந்த சொந்த மகன் மைக்கேலையும் சேர்த்தார். ராணுவத்தில் இருந்த மகளையும் கேட்டார். அவள் மறுத்துவிட்டாள்.

1984இல் அவருடைய முன்னாள் மனைவி பார்பரா, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்குப் போன் செய்து கணவரின் காரியத்தைச் சொன்னார். தன் மகனும் அதில் இருக்கிறான் என்பது அந்தத் தாய்க்குத் தெரியாது. 1985 மே மாதம் மேரிலாந்தில் ஒரு கிராமச் சாலையோரம் குப்பை போலக் கட்டிய பையில் ஆவணங்களை வைத்துவிட்டுத் திரும்பிய வாக்கர் பிடிபட்டார். ஆளுக்கு ஆள் சந்திக்காமல் பொருளை வைத்துவிட்டுப் போகும் அந்த இடத்துக்குப் பெயர் 'டெட் டிராப்'. மகன் நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் பிடிபட்டான். இருபத்தைந்து ஆண்டுத் தண்டனை. 2000இல்தான் வெளியே வந்தான். அண்ணனும் தம்பியும் 2014இல் சில வார இடைவெளியில் சிறையிலேயே இறந்தார்கள். மகன் இருப்பது தெரிந்திருந்தால் புகார் கொடுத்திருக்க மாட்டேன் என்று அந்தத் தாய் பின்னால் சொன்னார். பெற்ற வயிறு வேறு என்ன சொல்லும்?

அவர் நாட்டை விற்றவர், என் பிள்ளை நாட்டைக் காக்கப் போகிறவன் என்று நீங்கள் சொல்லக்கூடும். மறுக்கவில்லை. நாட்டுக்கு ஒற்றர் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வீட்டாளை வைத்து வீட்டாளை வேவு பார்க்கலாம் என்பதை அவன் இப்போது யாரிடம் கற்றுக்கொள்கிறான்? எந்த அகாடமியும் இன்னும் அவனுக்குப் பாடம் எடுக்கவில்லையே.

உங்கள் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இன்டெலிஜென்ஸ் பீரோவில் உதவி மத்திய உளவு அலுவலர் பணிக்கு மத்திய உள்துறை அமைச்சகம் வெளிப்படையாக விளம்பரம் கொடுத்துத் தேர்வு நடத்துகிறது. நடப்புச் செய்தி, கணக்கு, பகுத்தறிதல், பொது அறிவு, ஆங்கிலம் எல்லாம் கேட்பார்கள். அந்த நோட்டுக்கு அங்கே வேலை இல்லை. எழுதட்டும். தேறினால் போகட்டும். ஒரே பிள்ளை என்பதற்காகத் தடுக்கக் கூடாது. அவன் அம்மாவின் பயத்தையும் அழுகை என்று ஒதுக்காதீர்கள். பிரிட்டனுக்காக ரகசியமாக வேலை செய்த, சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி.யின் அதிகாரி ஒலெக் கோர்டியெவ்ஸ்கியை 1985 ஜூலையில் கார் டிக்கியில் ஒளித்து வைத்துப் பின்லாந்து எல்லையைத் தாண்டிக் கொண்டுவந்தார்கள். 'எக்ஸ்ஃபில்ட்ரேஷன்' என்று இன்றும் பெருமையாகப் பேசுகிற காரியம் அது. எதுவுமே அறியாத அவர் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் ஆறு ஆண்டுகள் சோவியத் நாட்டிலேயே மாட்டிக்கொண்டார்கள். 1991இல் வந்து சேர்ந்த பிறகும் அந்தக் குடும்பம் ஒட்டவில்லை. உங்கள் மனைவிக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. விஷயம் தெரிந்திருக்கிறது.

இனி மூத்தவளைப் பற்றி. அவளைப் பற்றி உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரே வாக்கியம். வங்கியில் வேலை செய்கிறாள், இரவில் பேசுகிறாள். என்ன வயது, கல்யாணப் பேச்சு நடக்கிறதா, நடந்து நின்றதா, அவள் முகம் எப்படி இருக்கிறது, ஒன்றும் இல்லை. மகனின் நோட்டைப் பற்றி அதைவிட அதிகம் எழுதியிருக்கிறீர்கள். நானும் இரண்டு பெண்களை வளர்த்தவள். யாரோடு பேசுகிறாய் என்று கேட்க நாக்குக் கூசிய இரவுகள் எனக்கும் உண்டு. கூசினாலும் கேட்டுவிட்டுத்தான் படுத்தேன். பெற்றவருக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் கிடையாது. நேருக்கு நேர் கேட்க வேண்டும். அவள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், பிடித்த பதில் வந்தாலும் வராவிட்டாலும், உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டியது உங்கள் கடமை. அதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

இது அக்காவுக்குத் தெரியும் நாள் வரும். அந்தத் தொழிலில் அம்பலமாகிவிட்ட ஆளை 'எரிந்துபோனவர்' என்ற பொருளில் 'பர்ன்டு' என்பார்கள். மகனிடம் கேளுங்கள், சொல்வான். அன்றைக்கு அக்காவின் கோபம் முழுவதும் அந்தச் சின்னவள் மேல்தான் விழும். சேர்ந்து ஒரே பாயில் படுத்து வளர்ந்த இருவரில் ஒருத்தி மற்றவளுக்கு முன்னால் உடை மாற்றக்கூட யோசிப்பாள். நீங்களும் மகனும் எட்ட நின்றிருப்பீர்கள்.

அந்த நாள் தானாக வர விடாதீர்கள். இந்த வாரப் பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். இதுவரை வாங்கியதைச் சின்னவளிடம் திருப்பிக் கேட்காதீர்கள், அவள் மேல் குற்றமில்லை. மூத்தவள் வங்கியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நிறுத்தத்தில் போய் நில்லுங்கள். வீட்டுக்கு நடந்து வரும் வழியில், சின்னவளை ஒட்டுக்கேட்க வைத்தது தெரிந்தும் நான்தான் பேசாமல் இருந்தேன் என்று முதலில் சொல்லுங்கள். அவள் என்ன பதில் சொன்னாலும் வீடு வரை கூடவே நடந்து வாருங்கள்.