கம்பெனி வீட்டுச் சாப்பாடு

வணக்கம். போன ஞாயிறு எங்கள் ஊர் நூலகத்தில் வாசகர் வட்டக் கூட்டம். எண்பதைத் தாண்டிய நாடக நடிகர் ஒருவர், தன் வாழ்க்கையை எழுதிப் புத்தகமாகப் போட்டிருக்கிறார், அதைப் பற்றிப் பேச வந்தார். ஒன்றரை மணி நேரமும் நாடகக் கம்பெனிப் பையன்கள் சேர்ந்து தங்கிய கம்பெனி வீட்டின் சாப்பாடு, வாத்தியாரிடம் வாங்கிய அடி, தூக்கமில்லாத ராத்திரிகள், இவ்வளவுதான். வருஷங்களையும் மாற்றி மாற்றிச் சொன்னார். கலையைப் பற்றி ஒன்றுமில்லாத இந்த நினைவுகளால் யாருக்கு என்ன பயன்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் கலையைப் பற்றித்தான் பேசியிருக்கிறார். மைக் இல்லாத கொட்டகையில், நடுராத்திரி தாண்டியும், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாட வேண்டிய பையனுக்கு என்ன சோறு போட்டார்கள், எத்தனை மணி நேரம் தூங்கவிட்டார்கள் என்பது அவன் குரலின் கதை. பருவ வயதில் மகரக்கட்டு வந்து, குரல் மாறி, தொண்டை உடைந்துவிட்டால் நேற்று வரை கைதட்டல் வாங்கியவனுக்கு இன்று வேஷம் கிடையாது. அந்தப் பயத்தோடு சாப்பிட்ட சாப்பாடு அது.

நாடக நடிகர் அவ்வை சண்முகம் 1918இல் ஆறு வயதில், நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பால சபையில், அதாவது சிறுவர்கள் நடிக்கும் நாடகக் கம்பெனியில், அண்ணன்களோடு சேர்ந்தார். அவருக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததை தன் வாழ்க்கையை எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’யில் சண்முகம் சொல்கிறார். அந்தப் புத்தகம் வந்தது 1972இல், மறு ஆண்டே அவர் போய்விட்டார். 1922இல் காலமான சுவாமிகள் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் சொன்னார் என்பதை யாரும் படம் பிடித்து வைக்கவில்லை, பாடம் கேட்ட பிள்ளைகளின் நினைவில்தான் அது இருந்தது. ஒரு வருஷம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

வருஷக் குழப்பம் இருக்கட்டும். பழைய நாடக நோட்டீஸ் ஒன்று கிடைத்தால் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் அடி வாங்கிக் கற்ற பாட்டை எந்த நோட்டீஸிலிருந்து எடுப்பது?

எங்கள் தெருவில் ஸ்பெஷல் நாடகங்களுக்கு, அதாவது தனித்தனி நடிகர்களை அன்றைக்கென்று சேர்த்து நடத்தும் நாடகங்களுக்கு, வாசித்த ஆர்மோனியக்காரர் ஒருவர் இருந்தார். பத்து வருஷம் தினமும் வணக்கம் சொன்னேன், ஒரு நாளும் உட்கார்ந்து கேட்கவில்லை. அப்புறம் ஒரு நாள் அந்த வீடு பூட்டிக் கிடந்தது.

உங்கள் நூலகரிடம் சொல்லி அந்த நடிகரை இன்னொரு முறை அழையுங்கள். அவர் சம்மதித்தால் போனிலாவது பதிவு செய்யுங்கள். தொண்டை உடைந்த அந்த வருஷம் என்ன செய்தீர்கள் ஐயா என்று கேளுங்கள். ஒரு பாட்டும் பாடச் சொல்லுங்கள்.