லாயத்தின் பின்பக்கம்

அன்புள்ள ஐயா,

கொளத்தூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சென்ற ஆண்டு அமெரிக்காவில், சியாட்டிலுக்குப் பக்கத்தில் பெல்வியூவில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். தெருவெல்லாம் மரம். ஜன்னலைத் திறந்தால் யாராவது குதிரையில் போய்க்கொண்டிருப்பார்கள். என் மகள் அந்த நினைப்பிலிருந்து இன்னும் மீளவில்லை. இப்போது செங்குன்றத்துக்கு அப்பால், குதிரை லாயமும் 'குறுங்காடும்' உள்ள வீட்டுமனை என்று விளம்பரம் வந்திருக்கிறது. முன்பணம் கட்டிவிடலாம் என்கிறார் கணவர். குதிரைகளோடு வளர்ந்தவர் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். என்ன சொல்கிறீர்கள்?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டுவதற்கு முன்பே எழுதினீர்கள், நல்லது. கட்டிய பிறகு எழுதுகிறவர்களுக்கு ஆறுதல்தான் சொல்ல முடிகிறது.

உங்கள் அண்ணன் வீடு பிரைடில் டிரெயில்ஸ் பூங்காவை ஒட்டி இருக்க வேண்டும். ஏறத்தாழ 480 ஏக்கர் காடு, உள்ளே 28 மைல் பாதை. அது மாநில அரசின் பூங்கா. காடு பொதுச்சொத்தாக நடுவில் நிற்க, வீடுகள் அதைச் சுற்றி வந்திருக்கின்றன. உங்கள் விளம்பரத்திலோ காடே விற்பனைச் சரக்கு. கடைசி மனையும் விற்றபின் அந்தக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போவது யார் என்று விற்பவரிடம் கேளுங்கள். அவர் சிரித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

நான் குதிரையோடு வளர்ந்தேன் என்பது கொஞ்சம் மிகை. வியாசர்பாடியில் எங்கள் பக்கத்து வீட்டில் ஜட்கா ஓட்டும் பாய் ஒருவர் இருந்தார். விடியற்காலை நாலு மணிக்கு, ஊறவைத்த கொள்ளைப் பிசையும் வாளிச் சத்தத்தில்தான் எங்கள் தெரு கண்விழிக்கும். குதிரையின் முன்காலை மடக்கித் தன் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு, வளைந்த கம்பியால் குளம்பின் அடியில் அப்பியதைச் சுரண்டுவார். அப்போது ஒரு வாடை வரும். ஈரச் சாக்கும் பழைய தோலும் சேர்ந்தது போல இருக்கும். அதை விளம்பரத்தில் அச்சடிக்க முடியாது.

ஒரு நாள் இரவு அந்தப் பெண்குதிரைக்கு வயிற்றுச் சூலை கண்டுவிட்டது. குதிரையால் வாந்தியெடுக்க முடியாது; உள்ளே போனது கீழ்வழியாகத்தான் வெளியேற வேண்டும். கீழே விழுந்து புரளவும், திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்க்கவுமாக இருந்தது. பாய் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை தெருவில் முன்னும் பின்னும் நடத்தினார். நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுபோவது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, தெருமுனையில் நின்று லத்தி போட்டது. பாய் அதைப் பார்த்து அழுதுவிட்டார். லத்தியைக் கண்டு ஒரு மனிதர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

குதிரைக்குப் பக்கத்தில் குடியிருப்பது என்றால் இதுதான். ஒரு குதிரை நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 கிலோ லத்தி போடும். விளம்பரத்தில் எத்தனை குதிரைகள் என்று சொன்னார்கள்? பத்து என்று வைத்துக்கொண்டால் தினமும் 200 கிலோ. உடனுக்குடன் அள்ளி மக்கவைக்காவிட்டால், நம் வெயிலுக்கு ஒரு வாரம் பத்து நாளில் அத்தனையும் ஈயாகி உங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் அந்தக் கழிவுநீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதையும் பாருங்கள். பக்கத்தில் இருப்பது புழல் ஏரி. கொளத்தூரில் உங்கள் குழாயில் வருவதும் அதன் தண்ணீராக இருக்கலாம்.

ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். குதிரை நின்றுகொண்டே தின்னும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். தீனிக்கு அந்தப் பக்கம் பஞ்சமில்லை. செங்குன்றம் அரிசி ஆலைகளின் ஊர், தவிட்டுக்குக் குறைவிராது. ஆனால் புல்லும் கொள்ளும் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கி லாடம் அடிக்க ஆள் வேண்டும். அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் நம் பக்கம் அருகிவிட்டார்கள். வெயில் இன்னொரு தொல்லை. குதிரை நம்மைப்போலவே வியர்த்து உடம்பைத் தணித்துக்கொள்ளும் பிராணி. புழுக்கமான ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோய்விடுகிறது. சியாட்டில் குளிரையும் நம் மே மாதத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கிண்டியில்கூட பந்தயக் குதிரைகளுக்கு விடியற்காலையில்தான் பயிற்சி கொடுத்துவந்தார்கள்.

வாசலைத் தாண்டினால் எங்கே சவாரி போவது என்பதும் இருக்கிறது. ஜி.என்.டி. சாலையில் லாரிகளுக்கு நடுவே கட்டைவண்டிக்காரரே யோசித்துத்தான் போவார். மிஞ்சுவது மனைக்குள் வட்டமடிப்பது. உங்கள் மகளுக்கு முதல் மாதம் அது போதும், இரண்டாம் மாதம் போதாது.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்லபடி நடத்தும் லாயமும் இருக்கக்கூடும். விற்பனைக்காரர் அழைக்கும் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். சொல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போங்கள். முன்வாசலில் நிற்காமல் லாயத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். லத்தி எங்கே குவிகிறது, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, குதிரைக்காரர் எங்கே படுக்கிறார் என்று கவனியுங்கள். அவருக்கு ஒழுங்கான அறை இல்லாத இடத்தில் குதிரைக்கும் ஒழுங்கான கவனிப்பு இருக்காது. இது என் அனுமானம்தான், ஆனால் பாயைப் பார்த்து வந்த அனுமானம்.

வேலியோரம் என்ன நட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். நம் ஊரில் அழகுக்கு அரளி வைப்பது வழக்கம். ஒரு கைப்பிடி அரளி இலை குதிரையின் இதயத்தை நிறுத்தப் போதும். குதிரையையும் அரளியையும் ஒரே வேலிக்குள் வைத்திருந்தால், மேற்கொண்டு விசாரிக்காமல் பஸ் ஏறிவிடுங்கள்.

மகளுக்குக் குதிரையேற்றம் கற்க ஆசை என்றால் கற்றுக்கொடுங்கள். அதற்கு வீடு வாங்க வேண்டியதில்லை. முதல் நாளே ஏறி உட்கார விடாமல், குளம்பு சுரண்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியராகப் பார்த்துச் சேருங்கள். அந்த வாடை பிடித்துப்போய், மறுநாளும் அவளாகவே கிளம்பினால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.